ரோபோ துணையுடன் முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை

ரோபோ துணையுடன் முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை என்பது, தேய்ந்துபோன முழங்கால் மூட்டின் பரப்புகளை அகற்றிச் செயற்கை மூட்டைப் பொருத்தும் அறுவைச் சிகிச்சையில், எலும்பை வெட்டும் பணியைத் திட்டமிடுவதற்கும் கட்டுப்படுத்துவதற்கும் கணினியால் இயங்கும் எந்திரக் கையைப் பயன்படுத்தும் முறையாகும். தமிழில் ரோபோ, எந்திரன், தானியங்கி ஆகிய சொற்கள் இதே பொருளில் வழங்குகின்றன. மருத்துவமனைகளில் "ரோபோடிக் சர்ஜரி" என்ற பெயரே பெரும்பாலும் கேட்கப்படுவதால், இக்கட்டுரையில் ரோபோ என்ற சொல்லே ஆளப்படுகிறது.

ரோபோ தானாகவே அறுவைச் சிகிச்சை செய்கிறது என்பது பரவலான ஒரு தவறான கருத்து. தோலைக் கீறுதல், தசைகளை விலக்கி மூட்டைத் திறத்தல், தசைநார்களைச் சரிசெய்தல், செயற்கை மூட்டை எலும்புச் சிமெந்து கொண்டு ஒட்டுதல், காயத்தைத் தைத்தல் ஆகிய அனைத்தையும் மருத்துவரே செய்கிறார். ரோபோவின் பங்கு எலும்பை எங்கே, எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆழத்திற்கு வெட்டுவது என்பதோடு நின்றுவிடுகிறது. வயிறு, சிறுநீரகப் பகுதி அறுவைச் சிகிச்சைகளில் பயன்படும் டா வின்சி போன்ற கருவிகளிலிருந்து இது அடிப்படையிலேயே வேறுபட்டது. அவற்றில் மருத்துவர் சற்றுத் தொலைவில் அமர்ந்து கைப்பிடிகளை இயக்க, எந்திரக் கைகள் அந்த அசைவுகளைப் பின்பற்றுகின்றன. முன்கூட்டிய வெட்டுத் திட்டம் எதுவும் கிடையாது. எலும்போ வளையாத பொருள். ஆகவே அதனை முன்கூட்டியே அளந்து, வரைபடமாக்கி, ஒரு தொழிற்சாலை உதிரிப்பாகத்தைக் கடைவது போல வெட்ட இயலும். எலும்பு மருத்துவத்தில் ரோபோக்கள் முன்னதாகவே நுழைந்ததற்கு இதுவே காரணம்.

கோணம் ஏன் முக்கியம்

முழங்காலில் தொடை எலும்பின் கீழ்முனையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையும் சந்திக்கின்றன. முன்புறத்தில் சில்லெலும்பு அமைந்துள்ளது. இம்முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு மூட்டழற்சியால் தேயும்போது வலியும் கால் வளைவும் ஏற்படுகின்றன. மூட்டு மாற்றில் தொடை எலும்பு முனைக்கு உலோக உறையும், கீழ்க்கால் எலும்பின் மேல் உலோகத் தட்டும், இரண்டிற்கும் நடுவே பாலியெத்திலீன் நெகிழித் துண்டும் பொருத்தப்படுகின்றன.

பெர்லினைச் சேர்ந்த தெமிஸ்டோக்ளஸ் குளுக் என்னும் மருத்துவர் 1890 ஆம் ஆண்டில் யானைத் தந்தத்தால் செய்த கீல் மூட்டினை முழங்காலில் பொருத்தினார். இன்றைய வடிவத்திற்கு அடிப்படையானது 1974 இல் நியூயார்க்கில் ஜான் இன்சால், இந்தியாவில் பிறந்த சித்தரஞ்சன் ரனாவத், பொறியாளர் பீட்டர் வாக்கர் ஆகியோர் உருவாக்கிய மூட்டாகும்.

இடுப்பு மூட்டின் நடுப்புள்ளியிலிருந்து கணுக்காலின் நடுப்புள்ளி வரை ஒரு நேர்கோடு வரைந்தால், அது முழங்காலின் நடுவே செல்ல வேண்டும் என்பது நெடுங்காலமாகப் பின்பற்றப்பட்ட இலக்கு. இக்கோடு சுமை தாங்கும் அச்சு எனப்படும். அச்சு ஒரு பக்கம் விலகினால் உடல் எடை நெகிழித் துண்டின் ஒரு பாதியில் மட்டும் விழுந்து தேய்மானத்தை விரைவுபடுத்தும் என்று கருதப்பட்டது. 3 பாகை வரையிலான விலகல் ஏற்கத்தக்கது என்பது மரபு.

இடர்ப்பாடு என்னவெனில், அறுவை மேடையில் இடுப்பு மூட்டு கண்ணுக்குத் தெரிவதில்லை. வழக்கமான முறையில் மருத்துவர் தொடை எலும்பின் உள்துளைக்குள் ஓர் உலோகக் கம்பியைச் செலுத்தி, அதனோடு இணைந்த வெட்டுச் சட்டத்தின் துணையால் கோணத்தைத் தீர்மானிக்கிறார். தொடை எலும்பின் தண்டும் சுமை அச்சும் ஒரே கோட்டில் அமைவதில்லை. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 5 முதல் 7 பாகை வேறுபாடு உண்டு. இது ஆளுக்கு ஆள் மாறுகிறது. எலும்பு வளைந்திருந்தாலோ முன்பே முறிந்து கூடியிருந்தாலோ கம்பி பிழையான திசையைக் காட்டும். தேர்ந்த கைகளுக்கும் இதில் பிழை நேர்வதுண்டு.

வரலாறு

எலும்பை வெட்டும் முதல் ரோபோ முழங்காலுக்காக உருவாக்கப்படவில்லை. கலிபோர்னியாவில் எலும்பு மருத்துவர் வில்லியம் பார்கரும் கால்நடை மருத்துவர் ஹோவர்ட் பாலும், ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துடன் இணைந்து, இடுப்பு மூட்டு மாற்றுக்கென ரோபோடாக் என்ற கருவியை உருவாக்கினர். 1990 இல் இது முதலில் இடுப்பு மூட்டு நோயுற்ற நாய்களுக்குப் பயன்பட்டது. 1992 நவம்பரில் சாக்ரமெண்டோ நகரில் முதன்முறையாக மனிதருக்குப் பயன்படுத்தப்பட்டது. தொடை எலும்பு ஒரு பற்றுக்கருவியால் அசையாது பிடிக்கப்பட, சுழலும் துருவு முனை முன்கூட்டிய திட்டப்படி தானே எலும்பைக் குடைந்தது. மருத்துவர் கையில் நிறுத்தும் பொத்தான் மட்டும் இருந்தது.

அமெரிக்காவில் ஒப்புதல் தாமதமானதால் இக்கருவி 1994 முதல் ஜெர்மனியில் பரவியது. காஸ்பர் என்ற மற்றொரு ரோபோவும் அங்கே பயன்பாட்டிற்கு வந்து, முழங்கால் மாற்றுக்கும் பயன்பட்டது. 2002 இல் வெளியான, காஸ்பர் மூலம் செய்யப்பட்ட 70 முழங்கால் மாற்றுகளின் அறிக்கையில், திட்டமிட்ட கோணத்திற்கும் கிடைத்த கோணத்திற்கும் இடையிலான சராசரி வேறுபாடு 0.8 பாகையாக இருந்தது. கையால் செய்யப்பட்டவற்றில் அது 2.6 பாகை.

ஆனால் கோணம் மட்டுமே மூட்டு அன்று. இடுப்பு மாற்றில் ரோபோடாக்கையும் கை முறையையும் ஒப்பிட்டு 2003 இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், ரோபோவைக் கொண்டு தொடங்கிய 74 சிகிச்சைகளில் 13 இடையில் கைவிடப்பட்டுக் கையால் முடிக்கப்பட்டன. மூட்டு நழுவுதல் ரோபோ குழுவில் 18 விழுக்காடாகவும் கை முறைக் குழுவில் 4 விழுக்காடாகவும் இருந்தது. பருமனான துருவு முனைக்கு வழிவிடத் தசைகள் கூடுதலாக விலக்கப்பட்டதும் சேதமுற்றதும் இதற்குக் காரணமாகச் சுட்டப்பட்டன. எலும்பில் குழி மிகத் துல்லியமாக அமைந்தது. அதனைச் சுற்றியிருந்த தசையைப் பற்றி எந்திரத்திற்கு எதுவும் தெரியாது.

பாதிக்கப்பட்ட நோயாளிகள் பலர் வழக்குத் தொடுத்தனர். 2006 ஜூன் 13 அன்று ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் ரோபோடாக் தொடர்பான வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. இன்னும் பொதுவழக்கிற்கு வராத புதிய முறையைக் கையாளும்போது, இதுவரை அறியப்படாத இடர்களும் இருக்கக்கூடும் என்பதை நோயாளிக்கு மருத்துவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அது கூறியது. எனினும் அந்நோயாளிக்கு நேர்ந்த நரம்புச் சேதம், முன்பே அவருக்கு எடுத்துரைக்கப்பட்ட இடர்களில் ஒன்று என்பதால் அவருக்கு இழப்பீடு கிட்டவில்லை. புதிய மருத்துவக் கருவிகளுக்கான ஒப்புதல் குறித்த விவாதங்களில் இத்தீர்ப்பு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. காஸ்பர் கைவிடப்பட்டது. ரோபோடாக் தொழில்நுட்பம் கொரியாவின் குரெக்சோ நிறுவனத்தின் வசமாயிற்று. 2008 இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் அதனை இடுப்பு மாற்றுக்கு அனுமதித்தது. அதன் வழித்தோன்றலான டிசொல்யூஷன் ஒன் 2019 இல் முழங்கால் மாற்றுக்கும் அனுமதி பெற்றது.

இதற்கிடையில் ரோபோ இல்லாத ஒரு பாதையும் உருவாகியிருந்தது. 1997 ஜனவரியில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் தொமினிக் சராகாக்லியா கணினி வழிகாட்டுதலுடன் முதல் முழங்கால் மாற்றைச் செய்தார். இதில் கணினி கோணத்தைத் திரையில் காட்டும், வெட்டுவது கையே. இன்றைய ரோபோக்கள் அனைத்தும் இந்த வழிகாட்டு முறையின் மேல் கட்டப்பட்டவையே.

மூன்றாவது பாதை லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிரயன் டேவிஸ் குழுவினரின் அக்ரோபாட். இது தானே வெட்டுவதில்லை. மருத்துவர் கருவியைப் பிடித்து நகர்த்துவார். திட்டமிட்ட எல்லையை நெருங்கும்போது எந்திரம் எதிர்விசை தந்து தடுக்கும். சுவரில் முட்டியது போல் கை நின்றுவிடும். 2006 இல் வெளியான சிறிய ஆய்வில், பகுதி முழங்கால் மாற்றில் அக்ரோபாட் குழுவினர் அனைவரிடமும் கோணம் திட்டத்திலிருந்து 2 பாகைக்குள் அமைந்தது. வழக்கமான முறையில் 40 விழுக்காட்டினரிடம் மட்டுமே அவ்வாறு அமைந்தது. வெட்டும் பொறுப்பை மருத்துவர் கையிலேயே விட்டு, தவறும் இடத்தில் மட்டும் தடுக்கும் இந்தக் கருத்துதான் பின்னர் சந்தையை வென்றது. 2004 இல் அமெரிக்காவின் புளோரிடாவில் தொடங்கப்பட்ட மாக்கோ நிறுவனம் இதே தத்துவத்தில் கருவியை உருவாக்கி, 2006 இல் பகுதி மாற்றில் பயன்பாட்டிற்குக் கொண்டுவந்தது. 2013 இல் ஸ்ட்ரைக்கர் நிறுவனம் ஏறத்தாழ 165 கோடி டாலருக்கு அதனை வாங்கியது. முழு முழங்கால் மாற்றுக்கான அமெரிக்க அனுமதி 2015 இல் கிடைத்தது.

வகைகள்

ரோபோவுக்கு எவ்வளவு உரிமை தரப்படுகிறது என்பதைக் கொண்டு இவை வகைப்படுத்தப்படுகின்றன. டிசொல்யூஷன் ஒன் போன்ற முழு இயக்க ரோபோக்கள் தாமே வெட்டுபவை. மாக்கோ அரை இயக்க வகை. ஸ்மித் அண்ட் நெஃப்யூ நிறுவனத்தின் நேவியோவும், 2020 இல் அதன் அடுத்த தலைமுறையாக வந்த கோரியும் கையடக்கமானவை. துருவு முனை எல்லை தாண்டினால் உறைக்குள் இழுத்துக்கொள்ளும் அல்லது சுழற்சியை நிறுத்திக்கொள்ளும். சிம்மர் பயோமெட்டின் ரோசா, 2019 இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. இது வெட்டுச் சட்டத்தைச் சரியான இடத்தில் பிடித்துக்கொடுக்கிறது, ரம்பத்தை இயக்குவது மருத்துவர். ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் வெலிஸ் 2021 இல் அனுமதி பெற்றது.

செயல்படும் முறை

சில கருவிகளுக்கு அறுவைச் சிகிச்சைக்கு முன்பே இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றின் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டு, எலும்பின் முப்பரிமாண மாதிரி கணினியில் உருவாக்கப்படுகிறது. வேறு சில கருவிகள் ஸ்கேன் இன்றி, மேடையிலேயே எலும்பின் பரப்பைத் தொட்டு வரைந்து மாதிரியை ஆக்கிக்கொள்கின்றன. மாதிரியின் மேல் செயற்கை மூட்டின் அளவும் இடமும் தீர்மானிக்கப்படும்.

அடுத்ததாக, தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் திருகு ஊசிகள் செருகப்பட்டு, அவற்றின் மேல் ஒளி எதிரொளிக்கும் உருண்டைகள் கொண்ட சட்டகங்கள் பொருத்தப்படுகின்றன. அகச்சிவப்புக் கேமரா அவற்றை இடைவிடாது கவனிக்கிறது. ஆதலால் ரோபோடாக் காலத்தைப் போல் எலும்பை இறுகக் கட்டிவைக்கத் தேவையில்லை. கால் அசைந்தால் திட்டமும் உடன் நகரும்.

முழு முறையின் உயிர்நாடி இதற்கடுத்த படியான இடப்பொருத்தம். கணினியில் உள்ள எலும்பு மாதிரியும் மேடையில் உள்ள உண்மையான எலும்பும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக அமர வேண்டும். வளையாத ஒரு பொருளின் நிலையை வரையறுக்க ஆறு எண்கள் போதும்: மூன்று இடப்பெயர்ச்சி, மூன்று சுழற்சி. கோட்பாட்டளவில் ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று புள்ளிகளைத் தொட்டாலே இவ்வாறு எண்களும் கிடைத்துவிடும். நடைமுறையில் ஒவ்வொரு தொடுதலிலும் சிறு பிழை உண்டு. எனவே மருத்துவர் கூர்முனைக் கருவியால் பல புள்ளிகளைத் தொடுகிறார், கணினி மொத்தப் பிழை மிகக் குறைவாக வரும் பொருத்தத்தைத் தேடுகிறது. இவ்வகைத் தேடலுக்கு 1992 இல் பெஸ்ல், மக்கே ஆகியோர் வெளியிட்ட "அண்மைப் புள்ளி" வழிமுறை பெயர்பெற்றது. ஒவ்வொரு புள்ளிக்கும் மாதிரியில் மிக அருகிலுள்ள புள்ளியைக் கண்டு, பொருத்தி, மீண்டும் அருகிலுள்ளதைக் கண்டு, மாற்றம் அற்றுப்போகும் வரை சுழலும் வழிமுறை அது. படிப்பதற்கு எளிது, தொடக்கப் பொருத்தம் தவறாக அமைந்தால் தவறான விடையிலேயே நிறைவடைந்து நின்றுவிடும் என்பது அதன் குறை.

புள்ளிகள் எங்கே அமைகின்றன என்பதும் முக்கியம். 40 மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளில் ஒன்று 1 மில்லிமீட்டர் பிழைத்தால் கோணம் ஏறத்தாழ 1.4 பாகை மாறும். இடைவெளி 80 மில்லிமீட்டரானால் அதே பிழை 0.7 பாகையாகக் குறையும். எனவே புள்ளிகளை நெருக்கமாகத் தொடாமல் பரவலாகத் தொட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடுப்பு மையம் வேறொரு வழியில் அறியப்படுகிறது. மருத்துவர் தொடையை வட்டமாகச் சுழற்றுகிறார். முழங்கால் பக்கத்துச் சட்டகம் ஒரு கோளத்தின் பரப்பில் நகர்கிறது. அந்தக் கோளத்தின் மையமே இடுப்பு மூட்டின் மையம். தொடை எலும்பு நீளமானது என்பதால் இங்கே சிறு பிழை பெரிதாய்த் தாக்காது. மையம் 10 மில்லிமீட்டர் தவறினாலும் கோணப் பிழை 1.3 பாகை அளவிலேயே இருக்கும்.

பின்னர் காலை மடக்கியும் நீட்டியும், இருபுறமும் அழுத்தியும், தசைநார்களின் இறுக்கம் அளக்கப்படுகிறது. உள்பக்க இடைவெளியும் வெளிப்பக்க இடைவெளியும் மில்லிமீட்டரில் திரையில் தோன்றும். எலும்பை வெட்டும் முன்பே திட்டத்தை ஓரிரு பாகையோ மில்லிமீட்டரோ மாற்றி, இடைவெளி எவ்வாறு மாறும் எனப் பார்க்கலாம். கை முறையில் வெட்டிய பிறகே இது தெரியவரும். வெட்டிய எலும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. கோணத் துல்லியத்தைவிட இந்த முன்னறிவே ரோபோ முறையின் பெரிய பயன் எனலாம்.

ஆய்வு முடிவுகள்

கோணத் துல்லியத்தில் ரோபோ முந்துகிறது என்பதில் ஐயமில்லை. தென் கொரியாவில் 100 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரித்துச் செய்து 2013 இல் வெளியிட்ட ஆய்வில், சுமை அச்சு 3 பாகைக்கு மேல் விலகியவர்கள் கை முறைக் குழுவில் 24 விழுக்காடு. ரோபோடாக் குழுவில் ஒருவரும் இல்லை. ஆனால் ரோபோ குழுவில் அறுவை நேரம் சராசரியாக 25 நிமிடங்கள் கூடியது. வலி, நடை, மூட்டு மடங்கும் அளவு ஆகியவற்றில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

நீண்டகால ஆய்வுகளில் முதன்மையானதும் கொரியாவிலிருந்தே வந்தது. 1,400 க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்ட இச்சமவாய்ப்பு ஆய்வு 2020 இல் வெளியானது. சராசரியாக 13 ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், இரு முறைகளிலும் 15 ஆண்டுக் கால அளவில் ஏறத்தாழ 98 விழுக்காடு மூட்டுகள் நிலைத்திருந்தன. மூட்டின் செயல்திறன் மதிப்பீட்டிலும் வேறுபாடு இல்லை. ஒரே மருத்துவர், ரோபோடாக் கருவி என்பது இந்த ஆய்வின் வரம்பு. தசைநார் இறுக்கத்தை அளந்து திட்டத்தை மாற்றும் வசதியுள்ள இன்றைய கருவிகளுக்கு இம்முடிவை அப்படியே ஏற்ற இயலாது என்போர் உளர். மறுபுறம், கை முறையிலேயே 98 விழுக்காடு கிடைக்கும்போது அதனை மேலும் உயர்த்த எந்தக் கருவிக்கும் இடம் குறைவு.

புதிய கருவிகளைப் பொறுத்தவரை, தொடக்க வாரங்களில் பயன் தெரிவதாக லண்டன் ஆய்வாளர்கள் 2018 இல் அறிவித்தனர். தலா 40 நோயாளிகளை ஒப்பிட்டதில், மாக்கோ குழுவினர் குறைந்த வலி மருந்துடன் இடைநிலை அளவாக 77 மணி நேரத்தில் வீடு திரும்பினர். கை முறைக் குழுவினருக்கு 105 மணி நேரம் ஆயிற்று. இது சமவாய்ப்பு ஆய்வு அன்று. பகுதி மாற்றில் கிளாஸ்கோ நகரில் 139 நோயாளிகளிடம் நடந்த சமவாய்ப்பு ஆய்வு, மூட்டு அமரும் இடம் ரோபோ முறையில் துல்லியமாக இருந்ததை 2016 இல் காட்டியது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது மொத்தத்தில் இரு குழுவினரின் நிலையும் ஒத்திருந்தது.

துல்லியம் கூடியும் நோயாளியின் நிலை ஏன் பெரிதாக மாறவில்லை? இலக்கே கேள்விக்குரியது என்பது ஒரு விடை. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை 398 முழங்கால்களை ஆய்ந்து 2010 இல் வெளியிட்ட முடிவின்படி, அச்சு 3 பாகைக்குள் அமைந்த மூட்டுகள் 15 ஆண்டுகளில் மற்றவற்றைவிட நீடித்து உழைக்கவில்லை. 2012 இல் வெளியான பெல்ஜிய ஆய்வு, மூட்டு நோயற்ற இளைஞர்களிலேயே ஆண்களில் 32 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 17 விழுக்காட்டினருக்கும் 3 பாகை அல்லது அதற்கு மேற்பட்ட வில்கால் அமைப்பு இயல்பாக இருப்பதைக் கண்டது. பிறவியிலிருந்தே சற்று வளைந்த காலை நேராக்குவது அவருக்கு நன்மையா என்ற கேள்வி இதனால் எழுந்தது. நோய்க்கு முந்தைய இயல்பு வடிவத்தை மீட்க முயலும் மாற்று இலக்குகளும் இப்போது கையாளப்படுகின்றன. ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு கோணத்தை இலக்காகக் கொள்ளும்போது ரோபோவின் தேவை கூடுகிறது. தவறான இலக்கைத் துல்லியமாகத் தாக்கும் வாய்ப்பும் அதே அளவில் கூடுகிறது.

கனடாவில் 1,703 நோயாளிகளிடம் நடத்தி 2010 இல் வெளியான கணிப்பில் 19 விழுக்காட்டினர் மூட்டு மாற்றின் விளைவில் நிறைவடையவில்லை. ரோபோக்களை விற்கும் நிறுவனங்கள் இந்த "ஐந்தில் ஒருவரை" அடிக்கடி எடுத்துக்காட்டுகின்றன. ஆனால் நிறைவின்மைக்கு நோயாளியின் எதிர்பார்ப்பு போன்ற வேறு காரணங்களும் உண்டு. அவற்றை ரம்பத்தின் கோணம் தீர்க்காது.

இடர்கள்

தொற்று, இரத்தக் கட்டு போன்ற பொதுவான இடர்கள் ரோபோ முறையிலும் உண்டு. இம்முறைக்கே உரியவை சில. திருகு ஊசிகள் செருகிய துளைகளின் வழியே எலும்பு பின்னாளில் முறிவது அரிதாக நேர்கிறது. துளையிட்ட இடத்தில் தொற்றும் வரலாம். முழு இயக்க ரோபோக்களில் சில்லெலும்புத் தசைநார் அறுபட்ட நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டால் கதிர்வீச்சு கூடுகிறது.

மிகக் கவனம் வேண்டுவது சட்டகம் நகர்ந்துபோவது. உதவியாளரின் முழங்கை பட்டு ஊசி சற்றே தளர்ந்தால், எலும்பு இருக்கும் இடம் வேறு, கணினி நம்பும் இடம் வேறு ஆகிவிடும். எந்திரம் அதே துல்லியத்துடன் தவறான இடத்தை வெட்டும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. இதற்காகவே எலும்பில் தனியாக ஒரு சோதனைப் புள்ளி பதிக்கப்பட்டு, வெட்டும் முன்பு அதனைத் தொட்டுச் சரிபார்க்கும் நடைமுறை உள்ளது. ஐயம் எழுந்தால் ரோபோவை விலக்கிவிட்டுக் கையால் முடிக்க வேண்டும். ஆகையால் கை முறையில் தேர்ச்சியற்ற ஒருவர் ரோபோவை நம்பி மட்டும் இந்தச் சிகிச்சையில் இறங்க இயலாது.

செலவு

எந்திரக் கை வகைக் கருவி ஒன்றின் விலை ஏறத்தாழ 10 இலட்சம் அமெரிக்க டாலர். பராமரிப்பும் ஒருமுறை மட்டும் பயன்படும் பாகங்களும் தனி. பெரும்பாலான கருவிகள் அவற்றைத் தயாரிக்கும் நிறுவனத்தின் செயற்கை மூட்டை மட்டுமே ஏற்கும். ரோபோவை வாங்கும் மருத்துவமனை, மூட்டையும் அதே நிறுவனத்திடம் வாங்கக் கட்டுப்படுகிறது. டிசொல்யூஷன் ஒன் பல நிறுவனங்களின் மூட்டுகளை ஏற்கும் வகையில் அமைந்தது.

இந்தியாவில் 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் செயற்கை மூட்டுகளுக்கு உச்ச விலை விதித்தது. அதுவரை சராசரியாக ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேல் விற்கப்பட்ட கோபால்ட்-குரோமிய மூட்டின் விலை, வரி நீங்கலாக 54,720 ரூபாயாகக் குறைந்தது. இந்த உச்ச விலை மூட்டுக்கு மட்டுமே உரியது. ரோபோவைப் பயன்படுத்துவதற்காக மருத்துவமனை பெறும் கட்டணம் அதில் அடங்காது.